கரப்பானுக்கு வைட்டமின் டி: அந்த 60,000 பொடி வேண்டாம்

சகோதரி, மூன்று வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல் நோய்), மாமியாருக்கு வாங்கிய 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியில் கொஞ்சம் கொடுக்கலாமா என்று மேலூரிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பொடியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட்தான். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல் என்று இழுத்துவிடும்.

மங்கோலியாவில் 107 பிள்ளைகளை வைத்து, ஒரு பாதிக்குத் தினம் 1,000 யூனிட் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் அது குளிர்காலத்தில் முற்றும் கரப்பான். நம் ஊரில் சித்திரை வியர்வைதான் வில்லன். மருத்துவர் ரத்தம் பார்த்து வைட்டமின் டி குறைவு என்றால் சொட்டு மருந்து எழுதித் தருவார்.

என் மகனுக்குக் கைகொடுத்தது வேறு. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத களிம்பைத் தாராளமாகத் தடவினோம். இரண்டு நாள் விட்டாலே மடிப்பு சொரசொரவென்று அயிரை மீன் உரசும் கல் மாதிரி ஆகிவிடும். கத்தரிக்காய், கருவாட்டை ஆறு மாதம் நிறுத்தியதில் ஒரு பலனும் இல்லை, ஆச்சிக்குத்தான் திருப்தி.

நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.