கமாமோட்டோ அடித்தது 75 கோலா, 80 கோலா?

ஜப்பான் தேசிய அணிக்காக அவர் அடித்த மொத்த கோலை எழுதும்போது 75 என்றே போடுங்கள். ஜப்பான் கால்பந்து வீரர் குனிஷிகே கமாமோட்டோவுக்கு ஜப்பான் கால்பந்துச் சங்கம் தரும் கணக்கு 76 ஆட்டங்களில் 75 கோல்.

வேறு சில பட்டியல்களில் இருக்கும் 80, பெரும்பாலும் எந்தெந்த ஆட்டத்தை முழுமையான சர்வதேச ஆட்டமாக எடுத்துக்கொள்வது என்பதில் வந்த வேறுபாடுதான், அந்தக் காலத்து ஆட்டங்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம்.

சரிபார்க்க ஒரு வழி: கோலை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் ஆட்ட எண்ணிக்கையையும் பாருங்கள். 84 என்று இருந்தால் அது வேறு கணக்கு. இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

அப்புறம், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் அடித்த 7 கோலைத் தனி வரியில் போடுங்கள், 75-உடன் கூட்டாதீர்கள். நைஜீரியாவுக்கு எதிராக 3, பிரான்ஸுக்கு எதிராக 2, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவை அதன் சொந்த மண்ணிலேயே 2-0 என்று வென்றபோது அந்த இரண்டும் அவருடையவை. போட்டியிலேயே அதிக கோல் அவருக்குத்தான்.

யன்மார் என்ற கிளப் அணிக்காக ஜப்பானின் பழைய லீக்கில் அவர் அடித்த 202 கோலையும் விட்டுவிடாதீர்கள். இன்றைய தொழில்முறை லீக்கான ஜே லீக் 1993-இல்தான் தொடங்கியது, அதனால் ஜே லீக் பட்டியலில் தேடினால் அவர் பெயரே இருக்காது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரைப் பலர் தவறவிடுவது இதனால்தான்.