வெற்றிடக் குழாயில் சரக்கு: கொழும்புக்கு ஒத்துவருமா?

காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள், காந்த விசையில் மிதக்கும் கூடுகளில் சரக்கை ஏற்றி மணிக்கு 1,000 கிலோமீற்றர் வேகத்தில் அனுப்பலாம் என்கிறார்கள். இதற்கு ஹைப்பர்லூப் என்று பெயர். இது பற்றிக் கொழும்பு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இயந்திரவியல் பொறியியலாளன். சரக்குக் கையாளுதலே என் தொழில்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவர்: சேர், காற்றுத் தடையும் இல்லை, சில்லின் உராய்வும் இல்லை. பிறகு என்னதான் தடை?

தம்பி, பௌதிகம் சரிதான். 2013இல் ஈலோன் மஸ்க் வெளியிட்ட வரைவில் குழாயின் உள்ளமுக்கம் 100 பாஸ்கல். அதாவது வெளி அமுக்கத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் காற்றை எடுக்கும் பம்பிகள் இன்றே உள்ளன. அமெரிக்காவின் நெவாடாவில் ஹைப்பர்லூப் வன் என்ற கொம்பனியார் 500 மீற்றர் குழாயில் 2017இல் மணிக்கு 387 கிலோமீற்றரை எட்டினார்கள். 2020 நவம்பரில் இரண்டு பேரை ஏற்றி 172 வரை ஓட்டினார்கள். நெதர்லாந்தின் வீண்டம் நகரில் 420 மீற்றர் குழாய் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்திலும் அதே அளவில் ஒன்று அமைத்திருக்கிறார்கள், நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தடை நீளத்தில் இருக்கிறது. உருக்கு, வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் கிலோமீற்றருக்கு 12 மில்லிமீற்றர் நீளும். விடியற்காலையில் 25 பாகையில் இருக்கும் குழாய் நண்பகல் வெயிலில் 50 பாகையாகும் என்று வையுங்கள். 100 கிலோமீற்றர் குழாய் 30 மீற்றர் நீளப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கும் மூட்டு ஒவ்வொன்றும் நீண்டு சுருங்க வேண்டும், ஆனால் காற்று கசியக் கூடாது. வெளியிலிருந்து சதுர மீற்றருக்குப் பத்துத் தொன் அமுக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். அடுத்தது வளைவு. அந்த வேகத்தில் பக்கவாட்டு ஆர்முடுகலைப் புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்குக்குள் வைக்க, வளைவின் ஆரை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் இருக்க வேண்டும். v²/r போட்டு நீங்களே சரிபாருங்கள்.

புறக்கோட்டை, கடலுணவு வியாபாரி: கொள்கலனை அப்படியே குழாய்க்குள் தள்ளிவிடலாமா?

முடியாது ஐயா. எல்லோரும் தவறவிடும் இந்த இடத்தைக் கேட்டதற்கு நன்றி. சாதாரணக் கொள்கலன் காற்றுப் புகாத பெட்டியல்ல. அதன் பக்கச் சுவரின் மேல் விளிம்பருகே சிறு துளைகளுடன் காற்றுப்போக்கிகள் இருக்கும். வெற்றிடத்துக்குள் போனதும் உள்ளிருக்கும் காற்று அவற்றின் வழியே வெளியேறிவிடும். பூச்சியப் பாகையிலேயே நீர் 611 பாஸ்கலில் கொதிக்கத் தொடங்கும், இங்கேயோ வெறும் 100. உங்கள் இறாலின் ஈரம் ஆவியாகும். பழம் வற்றும். காற்றடைத்து ஒட்டிய தேயிலைப் பொதி உப்பி வெடிக்கும்.

ஆகவே கொள்கலனைச் சுற்றி அமுக்கம் தாங்கும் இன்னொரு கூடு வேண்டும். கொள்கலனின் அகலம் 2.44 மீற்றர், உயரம் 2.59. மூலைக்கு மூலை அளந்தால் 3.56. கூடும் காந்தமும் சேர்ந்தால் குழாயின் விட்டம் 4 மீற்றரைத் தாண்டும். பயணிகளுக்காகப் போட்ட பழைய செலவுக் கணக்குகள் இங்கே உதவா.

கொட்டாஞ்சேனை, சரக்கு முகவர்: ஒரு நாளில் எத்தனை பெட்டி அனுப்பலாம்?

இந்தக் கேள்வியில்தான் திட்டம் தடுமாறுகிறது. ஒவ்வொரு செக்கனிலும் வேகத்தைச் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் குறைத்தால், 1,000 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கூடு நிற்க 19 கிலோமீற்றர் வேண்டும். முன்னால் போகும் கூடு பழுதாகி நின்றால் பின்னால் வருவது மோதக் கூடாது. அந்த இடைவெளியைக் கடக்க 70 செக்கன், பாதுகாப்புக்காக 90 என்று வைப்போம். மணிக்கு 40 கூடு, இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 960. ஒவ்வொன்றிலும் நாற்பதடிப் பெட்டி என்றாலும் 1,920 இருபதடி அலகுகள்தான். கொழும்புத் துறைமுகம் 2023இல் கையாண்டது ஏறத்தாழ 70 இலட்சம் அலகுகள், நாளுக்கு 19,000. அதில் பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறுவது, துறைமுகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒரு சரக்கு ரயிலோ நாற்பது பெட்டியை ஒரே முறையில் இழுத்துப் போய்விடும்.

இன்னொன்று, குழாய் வாயிலில் இருக்கும் காற்றடைப்பு அறை. ஒவ்வொரு கூடும் உள்ளே போகும் முன் கதவை மூடி, சுற்றியுள்ள காற்றை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். 90 செக்கனுக்கு ஒரு முறை, கதவு திறந்து மூடும் நேரமும் அதற்குள்ளே. ஓர் அறை போதாது, பல அறைகளை அருகருகே கட்ட வேண்டியிருக்கும். நம் துறைமுக வாசலில் அதற்கு நிலம் எங்கே?

வத்தளை: கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கு மட்டுமாவது போடலாமே?

அதே கணக்கில், முழு வேகத்தை எட்ட 19 கிலோமீற்றர், நிற்க இன்னொரு 19. கட்டுநாயக்க ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். வேகம் ஏறி முடியும் முன்பே குறைக்க வேண்டிவரும்.

பம்பலப்பிட்டி: யாழ்ப்பாணம்?

400 கிலோமீற்றரை 26 நிமிடத்தில் கடக்கலாம். ஆனால் மாலையில் யாழ்ப்பாணத்தில் ஏற்றிய வெங்காயம் விடிவதற்குள் லொறியில் பேலியகொடைச் சந்தைக்கு வந்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்கே வந்து இறங்கினாலும் வாங்க ஆள் விடியத்தான் வருவார். வடக்கின் விவசாயிக்கு இதைவிடக் குளிர்சாதனக் களஞ்சியம் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மட்டக்குளி, கொள்கலன் லொறிச் சாரதி: எங்கள் பிழைப்பு போய்விடுமா?

போகாது அண்ணா. குழாய் முடியும் இடத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை உங்கள் லொறிதான் போக வேண்டும். நீங்கள் எழுதிய மற்ற விடயம்தான் முக்கியமானது: ஓடுவது ஒரு மணித்தியாலம், பரிசோதனைக்கும் வாயிலுக்குமாக வரிசையில் நிற்பது நாள் முழுக்க. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கியதை எல்லோரும் பார்த்தோம். வேகமான வாகனம் அந்த வரிசைக்கு இன்னும் சீக்கிரமாக வந்து நிற்கும், அவ்வளவுதான். கூடுதலான ஸ்கானர், நேரம் குறித்துக் கொடுக்கும் வாயில் முறை, கப்பல் வருமுன்பே முடிக்கும் ஆவண வேலை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் உங்கள் நாளைத் திருப்பித் தரும்.

தெமட்டகொடை: நெவாடாக் கொம்பனி ஏன் மூடியது?

2022இல் பயணிகளை விட்டுவிட்டுச் சரக்குக்கு மாறினார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 2023 முடிவில் மூடிவிட்டார்கள். குழாய் வாங்க யாரும் வரவில்லை.

மீண்டும் வெள்ளவத்தை மாணவர்: அப்படியானால் இந்தத் துறையைப் படிப்பது வீணா, சேர்?

ஒருபோதும் இல்லை. நேர்கோட்டு மோட்டாரையும் காந்த மிதப்பையும் படியுங்கள். ஷாங்காயில் 2004 முதல் 30 கிலோமீற்றர் பாதையில் காந்த ரயில் பயணிகளை ஏற்றி ஓடுகிறது, குழாய் இல்லாமலே. மின் பொறியியல் எடுத்தால் வலு இலத்திரனியலை, அதாவது மின்வலுவை மாற்றிக் கட்டுப்படுத்தும் பாடத்தை, விடாதீர்கள்.