குப்பையை வெளியே வைத்தேன்: பிரெஞ்சில் 'எத்ர்' வருமா, 'அவ்வார்' வருமா?

பாரிஸில் ஓர் உணவகத்தில் வேலை செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரவு கடை சாத்தும்போது, குப்பைத் தொட்டிகளை வெளியே வைத்துவிட்டேன் என்று சொல்ல 'ஜெ சுயி சொர்த்தி லே பூபெல்' என்றேன். கூட வேலை செய்பவர் 'ஜே சொர்த்தி' என்று திருத்தினார். 'வெளியே போ' என்னும் சொர்த்தீர், எத்ரோடு சேரும் வினை என்றுதானே வகுப்பில் மனப்பாடம் செய்தேன்? எது சரி? 'வைக்கவில்லை' என்றால் எப்படிச் சொல்வது?"

திருத்தியவர் சொன்னது சரி. வகுப்பில் சொன்னதும் தப்பில்லை, பாதியோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பாஸே கொம்போஸே என்னும் இந்த இறந்தகாலம் இரண்டு துண்டுகளால் ஆனது: ஒரு துணைவினை, அப்புறம் வினையின் இறந்தகால வடிவம். தமிழில் 'வந்திருக்கிறேன்' என்னும்போது 'இரு' துணைக்கு வருகிறதே, அதுபோல. பிரெஞ்சில் துணைக்கு வர இரண்டு பேர் உண்டு. 'இரு' என்று பொருள்படும் எத்ர் ஒன்று. 'என்னிடம் உண்டு' என்பதற்கான அவ்வார் மற்றொன்று. 'நான்' என்பதோடு சேரும்போது எத்ர் 'ஜெ சுயி' என்றும், அவ்வார் 'ஜே' என்றும் வரும். பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார்தான். போ, வா, பிற, இற, விழு போன்ற சிறு கூட்டத்துக்கும், 'செ' சேர்த்துச் சொல்லும், செய்பவர் தன்னையே சுட்டும் தற்சுட்டு வினைகளுக்கும் எத்ர்.

நகர்வைக் குறிக்கும் வினைகளுக்கெல்லாம் எத்ர் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அதை நம்ப வேண்டாம். நடந்தேன் என்பதற்கு 'ஜே மார்ஷே', ஓடினேன் என்பதற்கு 'ஜே கூரூ', இரண்டிலும் அவ்வார்தான். நகரவே நகராத 'தங்கினேன்' என்பதற்கோ 'ஜெ சுயி ரெஸ்தே' என்று எத்ர் வருகிறது.

உங்கள் சிக்கல் ஆறு வினைகளில் இருக்கிறது: சொர்த்தீர், தெசாந்த்ர், மோந்தே, ராந்த்ரே, ரெத்தூர்னே, பாஸே (கடந்து போ). இவை இரண்டு துணைவினைகளோடும் சேரும். எப்போது எது என்பதைத் தமிழ் தெரிந்தவர் சுலபமாகப் பிடித்துவிடலாம் என்பது என் அனுபவம். நம்மிடம் இறங்கு, இறக்கு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மெத்ரோவிலிருந்து நான் இறங்கினேன்: 'ஜெ சுயி தெசாந்த்யூ து மெத்ரோ'. பெட்டிகளைக் கீழே இறக்கினேன்: 'ஜே தெசாந்த்யூ லே கேஸ்'. நாம் ஒரு மெய்யெழுத்தை மாற்றிக் காட்டும் வித்தியாசத்தைப் பிரெஞ்சுக்காரர் துணைவினையை மாற்றிக் காட்டுகிறார். ஏறினேன், ஏற்றினேன் என்பது மோந்தே. ஊருக்குத் திரும்பினால் 'ஜெ சுயி ரெத்தூர்னே', அடுப்பில் ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டால் 'ஜே ரெத்தூர்னே லொம்லெத்'. கடை சாத்தும்போது வாசலில் போட்ட நாற்காலிகளை உள்ளே எடுத்து வைப்பீர்கள் அல்லவா? அது 'ஜே ராந்த்ரே லே ஷேஸ்'. அதை முடித்துவிட்டு வீடு திரும்புவது 'ஜெ சுயி ராந்த்ரே'.

ஆகவே, வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அவ்வார். எதை வெளியே வைத்தீர்கள்? குப்பைத் தொட்டிகளை. அதனால் 'ஜே சொர்த்தி லே பூபெல்'. (1883-இல் பாரிஸ் வீடுகளில் குப்பைத் தொட்டியைக் கட்டாயமாக்கிய நிர்வாகி எழேன் பூபெல். அவர் பெயரே தொட்டிக்கு நின்றுவிட்டது.)

ஒரே ஓர் இடத்தில் தமிழ் காலை வாரிவிடும். நாம் 'படியில்' இறங்குகிறோம். பிரெஞ்சுக்காரர் 'படியை' இறங்குகிறார். அதனால் 'ஜே தெசாந்த்யூ லெஸ்கலியே' என்று அவ்வார் வரும். 'படி வழியாக' என்று நடுவில் 'பார்' போட்டால் மறுபடியும் எத்ர்: 'ஜெ சுயி தெசாந்த்யூ பார் லெஸ்கலியே'. காலத்தைச் சொல்லும் சொல்லைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். 'ஜெ சுயி சொர்த்தி செ சுவார்' என்பதில் 'செ சுவார்' (இன்று மாலை) எப்போது என்பதற்குப் பதில், எதை என்பதற்கு அல்ல. பாஸே பற்றி ஒரு வார்த்தை: 'ஜே பாஸே அன் எக்ஸாமேன்' என்றால் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள். பாஸாகிவிட்டேன் என்று சொல்ல ரெயுசீர் என்ற வேறு வினை இருக்கிறது.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் பெண் என்பதால், எத்ரோடு வரும் சொர்த்தியின் கடைசியில் ஓர் 'ஈ' (e) எழுத்து சேரும். அவ்வாரோடு எழுவாய்க்காக எதுவும் சேராது. ஆனால் 'எதை' என்பதற்கான சொல் துணைவினைக்கு முன்னால் வந்துவிட்டால் அதற்கேற்ப மாறும். 'அவற்றை வெளியே வைத்துவிட்டேன்' என்பது 'ஜெ லேஸே சொர்த்தி'. பூபெல் பெண்பால், இங்கே பன்மை. ஆகவே 'ஈ'யும் 'எஸ்'ஸும் எழுத வேண்டும். காதுக்கு இது கேட்காது. சில வினைகளில் மட்டும் கேட்கும்: 'ஜே எக்ரி லா லெத்ர்' என்றால் கடிதம் எழுதினேன், 'லா லெத்ர் கெ ஜே எக்ரித்' என்றால் நான் எழுதிய கடிதம். அந்தக் கடைசி 'த்' இதனால்தான் ஒலிக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மறுக்கும்போது 'நெ', 'பா' இரண்டும் துணைவினையை மட்டும் அணைத்துக்கொள்ளும். வினை வெளியே நிற்கும். நான் வெளியே போகவில்லை: 'ஜெ நெ சுயி பா சொர்த்தி'. தொட்டிகளை வெளியே வைக்கவில்லை: 'ஜெ நே பா சொர்த்தி லே பூபெல்'. இன்னும் வைக்கவில்லை, இதோ வைக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் 'பா'வை அடுத்து 'ஆன்கோர்' சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஜெ நே பா ஆன்கோர் சொர்த்தி லே பூபெல்'.