உண்ணிச்செடி, சீகை, சென்னா: இருக்கிற காசை எங்கே போடுவது?

உண்ணிச்செடி (லண்டானா), சீகை (வாட்டில் மரம்), சென்னா (மஞ்சள் கொன்றை) போலக் காட்டிலும் புல்வெளியிலும் பரவி ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

எங்கே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது என்று வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கே தெரியும். அப்புறம் கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் மாதிரி (மாடல்) எதற்கு? (மசினகுடி)

அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மாதிரிக்குள் முதலில் போக வேண்டியதே அவர்கள் சொல்லும் தகவல்தான். ஆனால் நாம் கேட்பது 'எங்கே அதிகம்' என்றல்ல. இந்த வருஷத்துப் பணத்தை எங்கே போட்டால் பத்து வருஷம் கழித்து அதிகக் காடு மிஞ்சும் என்று.

ஒரு பேச்சுக்கு, புதர் மண்டிய இடத்தைச் சுத்தம் செய்ய ஹெக்டேருக்கு 50,000 ரூபாய், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த இடத்துக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 20 லட்சம். முதல் வகையில் 40 ஹெக்டேர் முடியும், இரண்டாவதில் 250. அந்த 250 ஹெக்டேரில் புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, உண்ணியை எடுத்தால் தானே பரவும். விட்டுவைத்தால் அதுவும் ஒரு நாள் 50,000 ரூபாய் நிலமாகிவிடும். மண்டிய இடத்திலோ வெட்டி முடித்தாலும் புல் தானாகத் திரும்புவது சந்தேகம். விதைக்கவோ நடவோ வேண்டியிருக்கும்.

ஒரு கட்டத்தைத் தாண்டிய தாவரக்கூட்டம், காரணத்தை நீக்கினாலும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பாது. 1989இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயர் என்ற சூழலியலாளர்கள் மூவரும் மேய்ச்சல் நிலங்களுக்காக இதை ஒரு மாதிரியாக வகுத்தார்கள். அமெரிக்காவில் நெவாடா பக்கத்து அரசு நிலங்களில் இது நன்றாகவே தெரிகிறது. வெளியிலிருந்து வந்த சீட்கிராஸ் என்னும் ஒருபருவப் புல் சீக்கிரம் காய்ந்து, தீயை அடிக்கடி கொண்டுவருகிறது. அங்குள்ள சேஜ்பிரஷ் புதர் எரிந்தால் அடியிலிருந்து துளிர்ப்பதில்லை. விதையும் தாய்ச்செடியைவிட்டு அதிக தூரம் போவதில்லை. அதனால் நல்ல நிலையில் மிச்சமிருப்பதை முதலில் காப்பது என்ற முறைக்கு அங்கே வந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் சாலையோரப் புதரில்தான் வேலை தொடங்குகிறது. யானை நிற்பது தெரிய வேண்டும் என்று ஊர் எல்லையில் வெட்டினால் சரி, அது உயிர் பாதுகாப்பு. மற்றபடி அது வந்து பார்ப்பவர்களுக்குக் காட்டும் வேலை.

ஒரு செடி எங்கெங்கே வளரக்கூடும் என்று கணிக்கும் மேக்ஸென்ட் மென்பொருளில் உண்ணிப் பரவலுக்கு மாதிரி செய்தேன். சோதனையில் நல்ல மதிப்பெண். நம்பலாமா? (ஆய்வு மாணவர், கோவை)

உங்கள் பதிவுகள் எங்கிருந்து வந்தன? ஜீப் போகிற பாதையிலிருந்துதான் என்றால், உண்ணிக்குச் சாலை பிடிக்கும் என்று மாதிரி கற்றுக்கொண்டிருக்கும். ஓரளவு உண்மைதான், ஆனால் மிகையாகச் சொல்லும். பதிவுகளைக் குலுக்கி, மாதிரியைப் பழக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று பிரித்திருந்தால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரு பக்கமும் விழுந்து மதிப்பெண்ணை ஏற்றிவிடும். ஒரு வனச்சரகத்தை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். முதுமலையில் மேற்கே மழை அதிகம், கிழக்கே போகப் போகக் காடு வறண்டுவிடும். மேற்கில் பழகிய மாதிரி கிழக்கில் தேறுகிறதா பாருங்கள். மரத்தடி உண்ணி செயற்கைக்கோள் படத்தில் மறைந்துபோகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீலகிரியில் சீகை மரங்களை ஒரே மூச்சில் வெட்டிவிட்டால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊட்டி)

அடுத்த மழைக்கே சீகை நாற்றங்கால் கிடைக்கும், ஐயா! அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டியதும் வெயில் பட்டு மொத்தமாக முளைக்கும். ஒரு தடவை வெட்டும் செலவை மட்டும் பார்த்துப் போடும் திட்டம் இங்கேதான் கவிழ்கிறது. அடுத்தடுத்த வருஷங்களில் நாற்றுப் பிடுங்கும் கூலியை முதல் நாளே கணக்கில் சேர்த்தால், வெட்டக்கூடிய பரப்பு வெகுவாகக் குறையும். குறையட்டும், அதுதான் நேர்மையான எண்.

பழைய சீகைத் தோப்பு எல்லாமே எதிரி அல்ல. கொடைக்கானல் பக்கம் அதன் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்திருக்கின்றன. அங்கே அவசரம் வேண்டாம், கன்று வளர வளர மேலே மெல்லக் கலைத்தால் போதும். பணம் போக வேண்டியது புல்வெளி ஓரத்துக்கு, சீகை இப்போதுதான் கால் வைக்கும் இடத்துக்கு. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி போய்விட்டது; மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் மரம் நடலாமா?

அது புல்வெளியாக இருந்த இடமென்றால் கூடாது.

சென்னா மரத்தைக் காகித ஆலை எடுத்துக்கொள்கிறதே, செலவு மிச்சம்தானே? (கூடலூர்)

மரக்கூழுக்குப் போவது நல்லதுதான், வெட்டுக்கூலி குறைகிறது. ஆனால் ஆலைக்கு வேண்டியது மரம், நமக்கு வேண்டியது அது திரும்ப முளைக்காமல் இருப்பது. அடிக்கட்டையை விட்டால் துளிர்க்கும், விதையும் முளைக்கும், அந்த வேலைக்கு வாங்க ஆள் வரமாட்டார்கள். இன்னொன்று, லாரி போகும் இடம், பருத்த மரம் உள்ள இடம் என்றே வேலை போய்ச் சேரும். மாதிரியில் வருமானத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள், இடத் தேர்வை அது தீர்மானிக்க விடாதீர்கள்.

எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக்கருவேலம். மென்பொருள், ஆய்வாளர் எதுவும் இல்லை. (ராமநாதபுரம்)

எக்செல் போதும். நிலத்தை நாலு நிலையாகப் பிரியுங்கள்: சுத்தம், சில கன்று, பாதி, முழுக்காடு. ஒவ்வொன்றையும் சரிசெய்ய என்ன கூலி, விட்டால் எத்தனை வருஷத்தில் அடுத்த நிலைக்குப் போகும் என்று ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விறகு, கரி வியாபாரத்தை நம்பிப் பிழைப்பவர்களையும் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை நடந்து பார்த்து எண்களைத் திருத்துங்கள். முதல் வருஷத்து ஊகம் கட்டாயம் தப்பாகத்தான் இருக்கும்.