மகன் ஆங்கில இலக்கியம் படிக்க ஆசைப்படுகிறான்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் எடுத்த மகன் இப்போது பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்கிறான், அதை வைத்து எப்படிப் பிழைப்பான் என்பது ஒன்று. அவனை அந்தப் பக்கம் இழுத்த நாவலே சரியில்லை என்பது இன்னொன்று. அவன் மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டியிருக்கிறீர்கள். பள்ளிச் சிறுவர்கள் ஒரு பன்றியைக் குத்திக் கொன்று, தலையை வெட்டிக் கம்பில் செருகுகிறார்கள். பிறகு தங்கள் கூட்டத்துப் பையனையே அடித்துக் கொல்கிறார்கள். இதைப் படித்து என்ன கற்றுக்கொள்வான் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். வேலை பற்றிய பதிலும் இதிலிருந்துதான் வரப்போகிறது.

அந்த நாவல் 'லார்டு ஆஃப் தி ஃப்ளைஸ்', வில்லியம் கோல்டிங் எழுதியது, 1954-ல் லண்டனில் வெளியானது. கோல்டிங் அப்போது சாலிஸ்பரி நகரில் ஒரு ஆண்கள் பள்ளியில் ஆசிரியர். அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது அவரும் அங்கே இருந்தார். படித்த, நாகரிகமான, சட்டம் தெரிந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்று அந்த ஆண்டுகளில் பார்த்தார். திரும்பி வந்து வகுப்பறையில் தினமும் சிறுவர்களைப் பார்த்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கதை.

அவர் காலத்துப் பிரிட்டிஷ் வீடுகளில் பையன்களுக்கு வாங்கிக் கொடுத்த சாகசக் கதைகள் வேறு மாதிரி. 'தி கோரல் ஐலண்டு' என்று 19-ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று உண்டு. ரால்ஃப், ஜாக், பீட்டர்கின் என்ற மூன்று பையன்கள் ஆளில்லாத தீவில் ஒதுங்கி, தைரியமாக, ஒற்றுமையாக வாழ்வார்கள். கொடுமையெல்லாம் வெளியிலிருந்து வரும், கடற்கொள்ளையரிடமிருந்தும் தீவுவாசிகளிடமிருந்தும். கோல்டிங் அந்த ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்துக்கொண்டு கதையைத் திருப்பிப் போட்டார். அவருடைய கதையிலும் பள்ளிச் சிறுவர்கள் ஆளில்லாத தீவில் தனியாகச் சிக்குகிறார்கள், ஆனால் அங்கே வெளியாட்கள் யாரும் இல்லை. வந்த கொடுமை முழுக்கப் பையன்களுக்குள்ளிருந்தே வந்தது.

நீங்கள் புரட்டிப் பார்த்தது கொலைப் பக்கங்களை. அதற்கு வெகு முன்னால், நான்காம் அத்தியாயத்தில், ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. ரோஜர் என்ற பையன் மறைந்து நின்று கடற்கரையில் விளையாடும் ஹென்றி என்ற சின்னவனைப் பார்த்துக் கல் எறிகிறான். ஆனால் ஒரு கல்லும் மேலே படுவதில்லை. அந்தச் சின்னவனைச் சுற்றிச் சில அடி தூரத்துக்கு அவனால் எறிய முடியாத ஒரு வட்டம் இருக்கிறது. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நிற்கின்றன என்று கோல்டிங் எழுதுகிறார். இதே ரோஜர்தான் பிற்பாடு மேலிருந்து பெரிய பாறையைப் புரட்டி விட்டுப் பிக்கி என்ற பையனைக் கொல்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, எந்தெந்தப் படியாக இறங்கினார்கள் என்பதுதான் நாவல். அம்மா, அந்த வட்டத்தை உங்கள் மகனைச் சுற்றிப் போட்டவர் நீங்கள். அது எப்படிக் கரையும் என்று தெரிந்துகொள்கிற பிள்ளைக்கு அதைக் காப்பாற்றவும் தெரியும். இதைப் படித்ததால் அவன் மனசு கெடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறியீடு என்று வகுப்பில் சொல்வார்களே, அதற்கு இப்போது வருகிறேன். கடைகளில் விற்கும் கைடுகளில் ஒரு பட்டியல் இருக்கும். சங்கு என்றால் ஜனநாயகம், கண்ணாடி என்றால் அறிவு, பன்றித் தலை என்றால் தீமை. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பட்டியலுக்கு மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் அதோடு படிப்பு நின்றுவிடும்.

அந்தச் சங்கையே பாருங்கள். முதலில் அது ஒரு கூப்பிடும் கருவி, அவ்வளவுதான். சங்கு கையில் இருப்பவனே பேசலாம் என்று பையன்கள் தாங்களாகவே விதி செய்கிறார்கள். அதிலிருந்து அதற்கு மரியாதை வருகிறது. வெயிலில் கிடந்து நிறம் வெளுக்கிறது. தீவின் இந்தப் பக்கத்தில் சங்கு செல்லாது என்று ஜாக் ஒருநாள் சொல்லிவிடுகிறான். கடைசியில் பிக்கி சாகும் அதே நொடியில் அது நொறுங்குகிறது. நெருப்பின் கதை இன்னும் விசித்திரமானது. தூரத்தில் போகும் கப்பல் கண்ணில் பட வேண்டும் என்று வளர்த்த நெருப்பு யாரையும் காப்பாற்றவில்லை. பையன்கள் முதலில் தலைவனாகத் தேர்ந்தெடுத்த, இப்போது ஒளிந்திருக்கும் ரால்ஃபை வெளியே துரத்திக் கொல்வதற்காக ஜாக் கூட்டம் காட்டுக்கு வைத்த தீ எழுப்பிய புகையைப் பார்த்துத்தான் கப்பல் வருகிறது. நெருப்பு என்றால் நம்பிக்கை என்று கைடு சொல்லும். எந்த நம்பிக்கை என்று கேட்கத் தெரிந்தவன்தான் இலக்கிய மாணவன்.

உங்கள் மகன் அறிவியல் மாணவன் என்பதால் ஒன்று சொல்கிறேன், அவனிடம் கேட்டுப் பாருங்கள். பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அவன் கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியைக் குவித்துத்தான் பையன்கள் தீ மூட்டுகிறார்கள். கிட்டப்பார்வைக்குப் போடுவது குழி லென்ஸ், அது ஒளியை விரிக்குமே தவிரக் குவிக்காது. கோல்டிங் இங்கே சறுக்கியிருக்கிறார். இயற்பியலும் தெரிந்து நாவலும் படிக்கிற பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். பிளஸ் டூவில் எடுத்த பாடம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு விஷயமும் அவன் கல்லூரியில் சந்திப்பான். காட்டுமிராண்டித்தனத்தைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் நாவல்கள் பலவும் அதை யார் தலையில் வைத்தன என்ற கேள்வி. ஆங்கில நாவலாசிரியர் ஜோசஃப் கான்ராட் 1890-ல் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் வேலை பார்த்தவர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்கள் தந்தத்துக்காக அங்கே செய்த கொடுமைகளைப் பார்த்து 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதினார். 1899-ல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. ஐரோப்பியப் பேராசையைக் கண்டித்த நாவல் என்று பல ஆண்டுகள் கொண்டாடினார்கள். 1975-ல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி ஓர் உரையில் அதை எதிர்த்தார். ஒரு வெள்ளைக்காரனின் மனம் சிதைவதைக் காட்ட ஆப்பிரிக்காவை வெறும் திரையாகவும் ஆப்பிரிக்கர்களைப் பேச்சில்லாத உருவங்களாகவும் ஆக்கிவிட்டார், கான்ராட் இனவெறியர் என்றார். என் கருத்து, அச்சிபியின் குற்றச்சாட்டுக்கு இன்றுவரை முழுப் பதில் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற மாணவனுக்குக் கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் கிடைக்காது.

காட்டுமிராண்டித்தனத்தை அடுத்தவர் தலையில் வைக்கும் இந்தப் பழக்கத்தைத் தெரிந்தேதான் கோல்டிங் எழுதினார் என்று நினைக்கிறேன். நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, ஆங்கிலேயர்கள், எல்லாவற்றிலும் சிறந்தவர்கள் என்று தொடக்கத்தில் பெருமை பேசுபவன் ஜாக்தான். அவன்தான் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவன் ஆகிறான். இறுதியில் வந்து காப்பாற்றும் கடற்படை அதிகாரி, பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்திருக்கலாமே என்று குறைப்படுகிறார். அவர் வந்த போர்க்கப்பல் பின்னால் நிற்கிறது. இன்னொருவனை வேட்டையாடத்தான் அதுவும் கிளம்பியிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

வெறும் பி.ஏ. ஆங்கிலப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை தானாக வராது. மேலே சொன்ன மாதிரி படிக்கத் தெரிந்தவனுக்கும் கைடை ஒப்பித்தவனுக்கும் ஒரே பட்டம்தான் கிடைக்கும், ஆனால் நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு பிரதியில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது, எங்கே தொனி மாறுகிறது என்று ஆதாரத்தோடு சொல்வதுதான் இந்தப் படிப்பு தரும் திறமை. வழக்கறிஞருக்கு அது வேண்டும், பத்திரிகையாளருக்கு வேண்டும், பதிப்பாசிரியருக்கு வேண்டும்.

இந்த நாவல் அச்சேறிய கதையே பதிப்புத் தொழிலுக்கு நல்ல பாடம். பல பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. ஃபேபர் பதிப்பகத்திலும் முதலில் படித்தவர் குப்பை என்று குறிப்பு எழுதி ஒதுக்கினார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத், சட்டம் படித்துவிட்டுப் பதிப்புக்கு வந்தவர், அதை எடுத்துப் படித்தார். தொடக்கத்தில் போரைப் பற்றி இருந்த பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார், வேறு திருத்தங்களும் கேட்டார், தலைப்பும் மாறியது. கோல்டிங்குக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. சரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்ததால் நடந்தது இது.

நம் ஊர் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ., அதன் பிறகு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, கூடவே பிஎச்.டி. இருந்தால் நல்லது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.ஏ.யோடு பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வு எழுத வேண்டும். டிகிரிக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். கான்ராடின் 'லார்டு ஜிம்' அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். ஐடி நிறுவனங்களில் தொழில்நுட்ப ஆவணம் எழுதும் வேலையும் உண்டு, அங்கே அறிவியல் பின்னணி உள்ள ஆங்கிலப் பட்டதாரிக்கு அனுகூலம் அதிகம்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். இறுதியாண்டு மாணவர் யாரையாவது பிடித்து, வகுப்பில் நாவலை முழுதாகப் படிக்க வைக்கிறார்களா, நோட்ஸ் மட்டும் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். நூலகத்தில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்துக்கும் அவன் முயலட்டும். விண்ணப்பத் தேதிகளை அந்தந்த இணையதளத்தில் இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அவனுடைய அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கோல்டிங்கின் அப்பா ஓர் அறிவியல் ஆசிரியர். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு ஆண்டு இயற்கை அறிவியல் படித்துவிட்டுத்தான் ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். உங்கள் மகனும் நோபல் வாங்குவான் என்று நான் சொல்ல வரவில்லை. பாதையை மாற்ற நினைக்கும் பிள்ளைக்கு ஆசை உண்மையானதா என்று வீட்டில் சோதித்துப் பார்ப்பது நியாயம்தான்.

அந்தச் சோதனைக்கு ஒரு வழி சொல்கிறேன். பிக்கியின் கண்ணாடி முதலில் எங்கே வருகிறது, எப்போது அதன் ஒரு பக்க லென்ஸ் உடைகிறது, யார் திருடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று நாவலை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கைடும் கூடாது, இணையமும் கூடாது. எழுதியதும் எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு உங்கள் கணவரிடம் நானே பேசுகிறேன்.