கொல்லுப்பட்டறையில் அடித்த அரிவாளுக்கும் கடையில் வாங்கும் அரிவாளுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி இறுக வைக்கும் பக்குவம். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். பள்ளி விடுமுறையில் ஆசாரி பட்டறையில் துருத்தி ஊதுவது என் வேலை. கையால் சுற்றும் காற்றுச் சக்கரம் அப்போதே வந்துவிட்டது, ஆனாலும் பேர் துருத்திதான். சம்பளம் கிடையாது, எங்கள் வீட்டு அரிவாளை மட்டும் வரிசைக்கு முன்னால் எடுத்துத் தட்டிக் கொடுப்பார்.

இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் போதுமான அளவு இருக்கிறது. சாதாரணக் கம்பி இரும்பை எத்தனை தடவை காய்ச்சி முக்கினாலும் பெரிதாக இறுகாது.

அடித்து உருவம் வந்ததும் வாய்ப் பக்கத்தை, அதாவது வெட்டும் விளிம்பை, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். உடனே செங்கல் துண்டால் வாயை ஒரு தேய். முதுகுச் சூடு வாய்க்குப் பரவப் பரவ, வெளுத்த இடத்தில் நிறம் ஓடி வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் என்றால் 300ஐ ஒட்டி. அவரிடம் ஏது தெர்மாமீட்டர்? கண்தான். பட்டறையை இருட்டாக வைத்திருப்பதும் உலையில் இரும்பு எவ்வளவு சிவந்தது என்று தெரியத்தான்.

மஞ்சளில் மறுபடி முக்கினால் கூர் நிற்கும், ஆனால் கட்டையில் ஓங்கிப் போட்டால் வாய் தெறிக்கும். நீலம் வரை விட்டால் தெறிக்காது, கூர் சீக்கிரம் மழுங்கும். அதனால்தான் இரும்பை உலையில் வைக்கும் முன்பே, "எதுக்குத் தம்பி, கருவேலம் வெட்டவா, வாழைக்கா?" என்று கேட்பார். கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடை அரிவாள் எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். எல்லா வேலைக்கும் ஒரே தோய்ச்சல், அவ்வளவுதான்.

ஒருமுறை பிடி உடைந்து கட்டை உள்ளே மாட்டிக்கொண்டது. எரித்து எடுக்கலாம் என்று முழு அரிவாளையும் அடுப்பில் செருகிவிட்டேன். கட்டை வந்தது, தோய்ச்சலும் போனது. மறுநாள் தென்னை மட்டையில் போட்டதும் வாய் மடங்கிவிட்டது. "சோறாக்குற அடுப்புல வச்சியாடா?" என்று திட்டிக்கொண்டே மறுபடி காய்ச்சிக் கொடுத்தார் ஆசாரி.

இப்போது பலர் கிரைண்டரில் சாணை பிடிக்கிறார்கள். சரி, ஆனால் வாய் நீலம் பாயும் அளவுக்கு அழுத்தாதீர்கள். நனைத்து நனைத்துப் பிடியுங்கள்.