‘பகுதி நிழல்’ என்றால் எந்த மாதத்து நிழல்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோவில் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்வளவில், வசந்தத்தில் பூக்கிற காட்டுச் செடியான வெள்ளை ட்ரில்லியம் இரண்டு நட்டிருக்கிறீர்கள். வீட்டின் வடக்குச் சுவரோரம் வைத்தது பூக்கவே இல்லை, தக்காளிக்குப் பக்கத்தில் வெளியாக வைத்தது பூத்தும் ஜூன் மாதமே இலை கருகிவிட்டது, இப்போது ஓகஸ்டில் இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை. கன்றோடு வந்த அட்டையில் ‘பகுதி நிழல்’ என்று மட்டும்தான் இருந்தது, செத்துப் போச்சா, எங்கே பிழை விட்டேன் என்று கேட்கிறீர்கள்.

செத்திருக்க வேண்டும் என்றில்லை. ட்ரில்லியத்தின் உயிர் மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில் இருக்கிறது. கோடையின் பின்பாதியில் இலை மஞ்சளாகி விழுந்து மண்ணுக்குள் படுத்துவிடுவது அதன் சுபாவம், வெய்யிலும் வரட்சியும் கூடினால் இன்னும் முந்திப் படுத்துவிடும். என்ன நடந்தது என்று பார்க்கக் கிண்டாதீர்கள். இருந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் நீங்களே மறந்துபோய் அதன்மேல் மண்வெட்டியைப் போடுவீர்கள் (நான் போட்டிருக்கிறேன்).

சரி, பிழைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து போன வருஷம்தான் வந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களுக்குச் சொல்வது சுகம். ஊரில் வெய்யில் தலைக்கு மேலே. சித்திரையில் நேர் உச்சிக்கு வந்து, அதன்பிறகு ஆவணி வரைக்கும் மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்தல்லவா நிற்கும்? அதனால் வீட்டின் நாலு பக்கமும் வருஷத்தில் ஏதோ ஒரு காலம் வெய்யிலைக் காணும். ரொறன்ரோவில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. ஜூன் 21ஆம் திகதி மத்தியானம் கூட 70 பாகை உயரத்தோடு நின்றுவிடும், டிசம்பரில் வெறும் 23 பாகை. எப்போதும் தெற்குப் பக்கம்தான். ஆகவே வடக்குச் சுவரோரம் கோடையில் விடியலிலும் பின்னேரம் பிந்தியும் சாய்வாகக் கொஞ்சம் வெளிச்சம் படும், மற்ற நேரமெல்லாம் வீட்டின் நிழல்தான். ஏப்ரல் நடுப்பகுதியில் இரண்டு மாடி வீட்டின் நிழல் உச்சி நேரத்திலேயே பதினைந்து அடி போல நீளும், நீங்கள் சுவரில் இருந்து இரண்டு அடி தள்ளி வைத்த கன்று எங்கே வெய்யிலைக் காண்பது?

நிழல் விரும்பி என்றார்களே, நிழலில்தானே வைத்தேன் என்பீர்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்து, வேலியோரம் இலை உதிர்க்காத சீடர் மரங்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று வருஷம் இலை வந்தது, இலை போனது, பூ இல்லை. அப்புறம் ஒரு மே மாத ஞாயிறு ரூஜ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் விளங்கியது. மேப்பிள் காட்டுக்குள் நிலம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, ஆனால் அங்கே நிழலே இல்லை! மேலே மரங்களில் தளிர் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது, வெய்யில் தாராளமாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஜூனில் அதே பாதையில் திரும்பப் போனபோது மேலே கூரை போட்டமாதிரி மூடிவிட்டது, கீழே அரை இருட்டு.

இந்தச் செடியின் முழுக் கணக்கும் அதுதான். பனி உருகி நிலம் இளகியதும் ஏப்ரலில் எழும்பி, மரங்கள் இலை விரித்து வெளிச்சத்தை மறைக்கும் முன்னே கிடைக்கிற ஐந்தாறு கிழமை வெய்யிலில் வருஷத்துக்கு வேண்டிய பெரும்பங்கைச் சேர்த்துக் கிழங்கில் வைத்துக்கொள்ளும். மேப்பிள் காடு முழுதாக மூடிய பிறகு வெளியே விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் தரைக்கு வரும், மிச்சக் கோடையை அந்தக் குளிர்ந்த அரை வெளிச்சத்தில் ஓட்டிவிடும். வசந்தத்தில் வெய்யிலும் கோடையில் நிழலும் இரண்டும் வேண்டும். அட்டையில் அச்சடிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெய்யில் என்றால் முழு வெய்யில், மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் என்றால் பகுதி நிழல் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த மாதத்தில் என்பது கிடையாது. சுவரின் நிழலுக்கும் என் சீடர் நிழலுக்கும் மாதமே இல்லை, வருஷம் முழுக்க அங்கேயே நிற்கும். இலை உதிர்க்கிற மரத்தின் நிழல்தான் வேண்டிய நேரம் விலகிக்கொடுக்கும்.

தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தது அதனால்தான் பூத்துவிட்டுக் கருகியது. வசந்த வெய்யில் கிடைத்தது, ஜூனில் மறைப்பு இல்லை. அதிலும் பின்னேர வெய்யில்தான் பொல்லாதது, காலை வெய்யில் இரண்டு மூன்று மணித்தியாலம் விழுந்தாலும் தாங்கும். இன்னொன்று, கோடையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பதால் உண்மையான உச்சி வெய்யில் ஒன்றேகால் மணி போலத்தான் வரும். பன்னிரண்டுக்கு நிழலாக இருக்கிறதே என்று ஏமாந்து கன்றை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வளவில் பின்வேலியோரம் பெரிய மேப்பிள் ஒன்று நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் கிழக்குப் பக்கம் நல்ல இடம், ஆனால் முதலில் மரம் எது என்று பாருங்கள். ஒரு இலையின் காம்பை முறியுங்கள், பால் வந்தால் அது நோர்வே மேப்பிள். இந்த நகரத்துத் தெருக்களில் நிறைய நிற்கிறது. அதன் நிழல் கடும் அடர்த்தி, வேர் மேலாக ஓடி இருக்கிற தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும், புல்லே ஒழுங்காக வராது. அப்படியென்றால் அடிமரத்தை விட்டு, கிளைகள் முடிகிற ஓரத்துக்கு வாருங்கள். சர்க்கரை மேப்பிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், காட்டிலும் இதன் கூட்டாளி அதுதான்.

இடம் மாற்றுவதற்குச் செப்டம்பர் நல்ல மாதம், கன்று தூங்கும்போதே தூக்கிவிடலாம். குச்சியைச் சுற்றி அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி மண்கட்டியோடு எடுங்கள், கிழங்கு நாலு அங்குல ஆழத்தில் இருக்கும்படி வையுங்கள். இலையுதிர் காலத்தில் விழுகிற இலையை எல்லாம் கடதாசிப் பையில் கட்டி வெளியே வைக்காமல், இரண்டு மூன்று அங்குலம் அதன்மேல் விடுங்கள். காட்டில் அதற்குப் படுக்கையும் சாப்பாடும் அதுதான். வருகிற வசந்தம் பூக்காவிட்டால் கோபிக்க வேண்டாம், இழந்த பலத்தைச் சேர்க்க ஒரு வருஷமோ இரண்டோ எடுக்கும்.

உங்கள் கணவர் சொன்னாராமே, காட்டில் போய் நாலு கிழங்கு கிண்டி வந்தால் காசு மிச்சம் என்று. வேண்டாம். ரூஜ் தேசியப் பூங்கா, அங்கே எதையும் பிடுங்கக் கூடாது. 1937 முதல் இது ஒன்ராறியோவின் பூ என்பதால் எங்கே பறித்தாலும் பொலிஸ் பிடிக்கும் என்று இங்கே ஒரு கதை உண்டு, அது உண்மையில்லை. ஆனால் பூவைப் பறித்தால் அந்த மூன்று இலையும் தண்டோடு சேர்ந்து வந்துவிடும், பிறகு அந்த வருஷத்துக்குச் சமைக்க அதற்கு அடுப்பே இல்லை. விதையில் இருந்து முதல் பூ வர ஏழு வருஷமாவது ஆகும். விதையைக் கொண்டுபோய்ப் பரப்புவதே எறும்புகள்தான், அவற்றின் வேகம் உங்களுக்குத் தெரியும்.

ஏழு வருஷம் என்றதும் ஞாபகம் வந்தது, மேப்பிளுக்குக் கீழே நடப் போவதாக வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வேர் பிடித்த பிறகு அந்த இடத்தில் அவர் கொங்கிறீட் போட்டால் எல்லாம் வீண். வீடு மாறும்போது கொண்டுபோகலாமா என்றும் இப்போதே கேட்டுவிடலாம். வடக்குச் சுவரோரம் பன்னம் வையுங்கள், நிழலில் வளரும் அகல இலைச் செடியான ஹோஸ்டாவும் அங்கே வரும். தக்காளி இருக்கிற இடம் தக்காளிக்கே இருக்கட்டும். காம்பை முறித்துப் பார்த்துவிட்டுப் பால் வந்ததா என்று சொல்லுங்கள்.